வெங்காயக் காய்ச்சல்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தெர்மாமீட்டரை வைப்பதற்கு முன் மூக்கை வைக்க வேண்டும். மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பெற்ற தாதிப் பயிற்சியில் இந்தப் பாடம் கிடையாது. அங்கே கையைக் கழுவச் சொன்னார்கள், நாடி பிடிக்கச் சொன்னார்கள், நாக்கைப் பார்க்கச் சொன்னார்கள். அக்குளை முகர்ந்து பார்க்கச் சொன்னவர், நோய் பார்த்து மருந்து கொடுக்கிற எங்கள் டிஸ்பென்சர்தான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"ஆம்பிளையளை நான் பாக்கிறன். பொம்பிளையளை நீர் பாரும். வெங்காய மணம் இருந்தால் எனக்குச் சொல்லும்."

உரித்த வெங்காயத்தை இரவெல்லாம் அக்குளில் இடுக்கிக்கொண்டு படுத்தால் விடியும்போது உடம்பு கொதிக்கும், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் தப்பிக்கலாம் என்று தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒரு நம்பிக்கை. அதற்கு வெங்காயக் காய்ச்சல் என்று பெயரே இருந்தது. தோட்டத்தை நடத்துகிற துரையும் நம்பினார், டிஸ்பென்சரும் நம்பினார், வைத்துக்கொண்டவர்களும் நம்பினார்கள். எனக்கு எதையும் அப்படியே விழுங்குகிற பழக்கம் இல்லை. ஒரு நாள் என் குவார்ட்டர்ஸில் கதவைச் சாத்திக்கொண்டு நானே வைத்துப் பார்த்தேன். விடிந்ததும் தெர்மாமீட்டர் எப்போதும் காட்டுவதைத்தான் காட்டியது. வெங்காய வாடை மட்டும் சட்டையை விட்டுப் போக இரண்டு வெளுப்புப் பிடித்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்; பிறகு ஒரு நாள் சொன்னபோது சிரிக்கத்தான் செய்தார்கள்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. ஆஸ்பத்திரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், மருந்து கொடுக்க ஓர் அறை, நாலைந்து இரும்புக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் கீழே பெரட்டுக்களம் தெரியும். விடியற்காலையில் அத்தனை பேரும் வந்து நின்று பெயர் கொடுத்து, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புகிற இடம். சுகமில்லை என்பவர்கள் அந்தப் பெரட்டு கலைவதற்குள் எங்களிடம் வந்துவிட வேண்டும். டிஸ்பென்சர் பார்த்து, இன்றைக்கு இன்னாருக்கு வேலை வேண்டாம் என்று கணக்கப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் வேலைக்கு டிமிக்கி கொடுத்தவர்கள். ஆக, எங்கள் தோட்டத்தில் வியாதிக்கு விடியற்காலையில் மட்டும்தான் அனுமதி. மத்தியானம் வருகிற வியாதியும் மாலையில் வருகிற வியாதியும் மறுநாள் காலைவரை காத்திருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

வரிசையில் முப்பது பேர் நிற்பார்கள். இருப்பது ஒரே தெர்மாமீட்டர். கீழே பெயர் கூப்பிடுகிற சத்தம் குறையக் குறைய இங்கே டிஸ்பென்சரின் கை வேகமாகும். ஒரு மனுஷியைப் பார்த்து, கேட்டு, தொட்டு, இது இதுவாக இருக்குமோ, இல்லை அதுவோ என்று யோசிப்பதற்கு ஒரு அமைதி வேண்டும். அந்த அமைதி அங்கே ஒருவருக்கும் கிடைத்ததில்லை. இருந்தது இரண்டே கேள்வி. மெய்யா, பொய்யா. மெய் என்றால் மிக்ஸ்சர் மருந்து. பொய் என்றால் விளக்கெண்ணெய். ஒரு அவுன்ஸ் கிளாஸ் நிறைய ஊற்றிக் கொடுத்து, அங்கேயே நின்று குடிக்கச் சொல்வது வழக்கம். குடித்தவர்களுக்கு அன்று வேலை இல்லை. நாள் முழுக்கக் கக்கூசுக்கும் தங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கும் ஓடிவிட்டு மறுநாள் தாங்களாகவே பெரட்டில் வந்து நிற்பார்கள். இது எனக்கு முன்னாலிருந்தே நடந்துவந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்று டிஸ்பென்சருக்கே தெரியாது.

டிஸ்பென்சர் யாழ்ப்பாணத்துக்காரர். மனைவி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இந்தக் குளிரில் தனியாகக் கிடந்தார். கெட்ட மனிதர் என்று நான் சொன்னால் அது அபாண்டம். அடுப்பில் விழுந்து வெந்த ஒரு குழந்தைக்காக இரண்டு நாள் கட்டிலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் அவர் கை அருமையான கை. ஆனால் துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் வளைவில் கேட்டால் போதும், அதே கையில் இருக்கிற சீசா மேசையில் தட்டும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் பார்ப்பது நோயாளியை அல்ல, துரை என்ன சொல்வாரோ என்பதைத்தான்.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? லயத்தில் பிறந்து நர்ஸ் ஆனவள் நான். லயத்துச் சனங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாததால் அரசாங்க ஆஸ்பத்திரி வேலை எனக்குக் கிடையாது. இந்த வெள்ளை உடுப்பு இந்தத் தகரக் கூரையின் கீழேதான் செல்லும். இங்கிருந்து அனுப்பிவிட்டால் நானும் கூடையைத் தூக்க வேண்டியதுதான். பயம் டிஸ்பென்சருடைய சொத்து மட்டும் இல்லை.

அந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருந்தாள். கொட்டகலைப் பக்கம் ஒரே லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். அவளுடைய அம்மா இறந்ததும் அவளைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பினார்கள். என்னை மிஷன் சிஸ்டர்கள் கூட்டிப் போனார்கள். அதற்கு என் புத்தி ஒன்றும் காரணம் இல்லை. என் அம்மா உயிரோடு இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். நான் இங்கே வேலைக்கு வந்தபோது அவள் இங்கே வாழ்க்கைப்பட்டு, வேலை நேரத்தில் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போகிற வயதில் ஒரு பெண் குழந்தையோடு இருந்தாள். ஆஸ்பத்திரியில் நாலு பேர் முன்னால் என்னை 'நர்ஸம்மா' என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். மாலையில் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் வந்தால் நான் 'புள்ள'.

"தலையில என்னா புள்ள, கிண்ணத்தக் கவுத்து வச்சிருக்க?" என்று என் தொப்பியைப் பார்த்துக் கேட்டவள் அவள்தான். அன்றிலிருந்து அதைக் கண்ணாடி பார்த்து வைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கொழுந்து தள்ளுகிற காலம் வந்தது. மழை பெய்து, விட்டு, வெயில் அடித்தால் தேயிலை மனுஷர்களைப் பற்றிக் கவலைப்படாது. எடுக்காவிட்டால் முற்றிவிடும். துரைக்குத் தூக்கம் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் என் சிநேகிதிக்குத் தலைவலி, உடம்பு வலி, சாப்பாடு பிடிக்கவில்லை. முதல் தடவை வரிசையில் வந்து நின்றபோது தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டவில்லை. மிக்ஸ்சர் கொடுத்து மலைக்கு அனுப்பினார் டிஸ்பென்சர். சில நாள் கழித்து மறுபடி வந்தாள். மறுபடியும் காய்ச்சல் இல்லை. ஆனால் அவளுடைய நாக்கு நடுவில் வெள்ளையாகப் படிந்து ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

"நாக்கு சரியில்லைங்க ஐயா" என்றேன்.

"வெத்திலை போடுற நாக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார், அடுத்தவளைக் கையால் கூப்பிட்டுக்கொண்டே.

அவள் வெற்றிலை போடுகிறவள் இல்லை. அதைச் சொல்வதற்குள் அடுத்தவளின் வாய் திறந்திருந்தது.

அதற்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ துரை பெரட்டுக்களத்தில் நின்றுகொண்டு டிஸ்பென்சரைக் கீழே கூப்பிட்டார். நான் ஜன்னலில் நின்றேன். தோட்டமே அங்கே நின்றது. துரைக்கு எங்கள் தமிழ் தெரியும்; ஏசுவதற்கு வேண்டிய அளவு நன்றாகவே தெரியும்.

"என்னா டிஸ்பென்சர், பெரட்டு இங்கயா, ஆஸ்பத்திரியிலயா? நாளைக்கும் அங்க இப்படிக் கூட்டம் நின்னா, நீ கூடையத் தூக்கிட்டு மலைக்குப் போ."

கணக்கப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு கங்காணிமார். பிறகு சனங்களும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. தங்களை முகர்ந்து பார்க்கிற மனிதரை யாரோ ஒருவர் மூக்கைப் பிடித்துத் திருகும்போது சிரிப்பு வரத்தான் செய்யும். டிஸ்பென்சர் வெள்ளைக் கால்சட்டையில் பனி நனைய மேலே ஏறி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. விளக்கெண்ணெய்ச் சீசாவை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் மூன்றாம் தடவையாக வரிசையில் நின்றாள்.

கம்பளியை இழுத்துப் போர்த்தியிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது. பெண்களைப் பார்க்க வைத்திருந்த தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கையைத் தூக்கச் சொன்னேன். குனிந்ததுமே வாடை வந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பார்வையில் கெஞ்சலும் இல்லை, கள்ளமும் இல்லை, களைப்புத்தான். இவள் எனக்கே இப்படிச் செய்கிறாளே என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது உண்மை. ஆனாலும் அவளைக் காட்டிக்கொடுக்க எனக்கு வாய் வராது.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா" என்று தடுப்புக்கு வெளியே குரல் கொடுத்தேன்.

அவளை வெளியே கூட்டி வந்து தெர்மாமீட்டரை வைக்க மறுபடி கையைத் தூக்கியபோது ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு சின்ன வெங்காயம் விழுந்தது. சிமெந்துத் தரையில் உருண்டு டிஸ்பென்சரின் சப்பாத்தில் முட்டி நின்றது. வரிசை முழுக்கச் சிரித்தது.

டிஸ்பென்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒண்டும் இல்லை எண்டனீர்" என்றார்.

நான் தெர்மாமீட்டரை வைத்தேன். நூற்றியொன்றைத் தாண்டி நின்றது. நாடியைப் பிடித்தேன். அந்தக் காய்ச்சலுக்கு ஓட வேண்டிய ஓட்டம் அதில் இல்லை, சாவகாசமாகத்தான் போனது. டிஸ்பென்சரும் பிடித்துப் பார்த்தார்.

"நாடி சாதாரணம். உண்மைக் காய்ச்சல் எண்டால் நாடி ஓடாதோ? வெங்காயம்தான்."

காய்ச்சல் ஏறியிருக்க நாடி மட்டும் நிதானமாகப் போனால் அதற்கு ஒரு அர்த்தம் உண்டு என்று படித்திருந்தேன். அது நாக்கு நுனிவரை வந்தது. அங்கே எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், கீழே கங்காணி கத்திக்கொண்டிருந்தார், என் பொய் பிடிபட்டு முகம் எரிந்துகொண்டிருந்தது. அந்த நோயின் பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வாயில் வந்தது.

"வெங்காயம் வச்சா காய்ச்சல் வராதுங்க ஐயா. நான் வச்சுப் பாத்திருக்கேன்."

சரியான பேச்சுத்தான். வெங்காயத்தால் காய்ச்சல் வராது என்றால் இந்தக் காய்ச்சல் அவளுடைய சொந்தக் காய்ச்சல். இதைவிடத் தெளிவாக ஒன்றை நான் என் வேலையில் யோசித்ததில்லை. ஆனால் வரிசைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டிஸ்பென்சர்கூடச் சிரித்துவிட்டார்.

"நல்லது. நேர்ஸ் அம்மாவும் வெங்காயம் வைக்கிறவா." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "அப்ப ஒண்டு சொல்லும். உண்மையாக் காய்ச்சல் எண்டால் ஏன் இவ வெங்காயம் வைக்க வேணும்?"

நல்ல கேள்வி. இன்றுவரை அதைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அவளைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பேர் முன்னால் அவள் என்ன சொல்வாள்?

டிஸ்பென்சர் கிளாஸில் எண்ணெயை ஊற்றினார்.

"வயித்தப் பாக்காம பேதிக்குக் குடுக்க வேணாங்க ஐயா. மிஷன்ல குடுக்கவே விடமாட்டாங்க."

"இவ உம்மட ஆள். அதுக்காக ஒருக்கா மறைச்சனீர். இனி நீர் கதையாதேயும்."

கிளாஸை நான் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அதுதான் என்னால் முடிந்த மறுப்பு. அவள் கையை நீட்டினாள்.

"குடுங்கய்யா. குடிச்சா இன்னைக்குப் படுத்துக் கெடக்கலாமில்ல" என்று வாங்கி, மூச்சு விடாமல் குடித்துவிட்டு, கம்பளி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் சத்தமில்லாமல் நழுவிப் பெரட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் சுகமில்லையோ. டிஸ்பென்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். துரை எதிர்பார்த்தபடி அன்று வரிசை சின்னதாகிவிட்டது.

பகல் முழுக்க என்னால் லயத்துக்குப் போக முடியவில்லை. ஒரு பிரசவம் வந்திருந்தது. வேலை நேரத்தில் ஆஸ்பத்திரியை விட்டுப் போகவும் கூடாது. கை வேலையைச் செய்தது, மனம் டிஸ்பென்சரோடு வாதாடியது. வாதாடி வாதாடி, என்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வேறு ஒருத்தி வெங்காயம் வைத்திருந்தால் நான் மறைத்திருப்பேனா? மாட்டேன். அப்படியானால் நாக்கு சரியில்லை, நாடி சரியில்லை என்று நான் சொல்வதெல்லாம் நர்ஸின் கண்ணா, சிநேகிதியின் கண்ணா? டிஸ்பென்சரின் புத்தியைப் பயம் பிடித்திருக்கிறது என்றால் என் புத்தியைப் பாசம் பிடித்திருக்காதா? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, அவளுக்கு ஒன்றும் இல்லையோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் வேலை முடிந்ததும் தூறலில் லயத்துக்கு ஓடினேன். காம்பராவுக்குள் போகும்போதே கதவடியில் வெப்பம் வந்தமாதிரி இருந்தது எனக்கு. கையை நெற்றியில் வைத்தேன். கொதித்தது. வயிறு உப்பியிருந்தது. தொட்டதும் முனகினாள். அவள் புருஷன், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கத்தியைக் கூடக் கீழே வைக்காமல் மூலையில் நின்றார்.

"எத்தன நாளாங்க இப்படி?"

"அது இருக்குமுங்க பத்துப் பன்னெண்டு நாளு. பொழுது எறங்குனா கொதிக்கும். விடிஞ்சா தணிஞ்சிரும். ஆஸ்பத்திரிக்கு வந்தா காய்ச்சல் இல்லேங்கிறாங்க. ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாங்க. யாரும் நம்பலேன்னு நாந்தாங்க நேத்து ராவு வெங்காயத்த உரிச்சுக் குடுத்தேன்."

காலையில் டிஸ்பென்சர் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கே இருந்தது. காய்ச்சல் மாலையில் வந்தது. நாங்கள் காலையில் தேடினோம். பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர், மெய்யை நம்பவைக்க ஒரு பொய்யைத் தேடிப் பிடித்து, அதை ஒழுங்காக ஒளித்து வைக்கவும் தெரியாமல் போனார்கள். அதுவும் எந்த நாளில்? காய்ச்சல் முற்றி, வெங்காயமே தேவைப்படாமல், காலையிலும் தெர்மாமீட்டர் ஏறிய நாளில்.

காலையில் நாக்கு நுனியில் நின்ற பெயர் அப்போது வந்தது. நெருப்புக் காய்ச்சல், டைபாய்டு. குடலைப் புண்ணாக்குகிற காய்ச்சல். அதற்குப் பேதிக்குக் கொடுப்பதைப்போல ஒரு கொடுமை வேறு இல்லை.

"கருப்பாப் போவுதுங்க. தார் மாதிரி" என்றார் அவர்.

டிஸ்பென்சர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுப் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் லயத்துக்குள் வந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குனிந்து வயிற்றைத் தொட்டார். அந்த அருமையான கைதான், குழந்தையைக் காப்பாற்றிய கை. அது அங்கேயே நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்து அவள் கம்பளியைச் சரிசெய்தேன்.

டிக்கோயாப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வேண்டும். லொறிக்குத் துரையின் அனுமதிச் சிட்டு வேண்டும். துரை கிளப்புக்குப் போயிருந்தார். கொழுந்து ஏற்றுகிற லொறியைத் துரை சொல்லாமல் கேட்டுக்கு வெளியே விட்டால் தன் வேலை போய்விடும் என்றார் தோட்டத்து ஆபீஸின் பெரிய கிளாக்கர். டிஸ்பென்சர் அவரைக் கெஞ்சினார், பிறகு ஏசினார், பிறகு மறுபடி கெஞ்சினார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. கிளாக்கர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவரும் எங்களைப் போலத்தான். துரை விடிந்த பிறகுதான் வந்தார்.

கேட்டதும் அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? உடனே சிட்டு எழுதிக் கொடுத்தார்.

"ராத்திரியே லொறிய எடுத்திருக்கணும். யார் வேணாம்னு சொன்னா?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். அவர் சொல்லாத சொல்லுக்கெல்லாம் நாங்கள் அத்தனை பேரும் பயந்து செத்தோம்.

லொறியின் பின்பக்கம் கொழுந்துச் சாக்குகளை விரித்து அவளைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில் இருந்தது. குழந்தையைப் பக்கத்துக் காம்பராவில் விட்டுவிட்டு வந்த அவள் புருஷன் காலடியில் குந்தியிருந்தார், டிஸ்பென்சர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வளைவுக்கு வளைவு வண்டி குலுங்கும்போது அவள் பல்லைக் கடித்தாள். கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தாள்.

"புள்ள."

"என்னாடி?"

"வெங்காயம் வச்சது தப்புத்தான். காய்ச்சல் பொய்யில்ல."

"எனக்குத் தெரியும்டி. பேசாதே."

கம்பளிக்கு அடியிலிருந்து கையை மெதுவாக வெளியே எடுத்து, தலைக்கு மேலே தூக்கினாள். எனக்கு முதலில் புரியவில்லை.

"இப்ப ஒண்ணும் வைக்கல. மோந்து பாரு" என்றாள்.

நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிக் கம்பளிக்குள் வைத்தேன். அழுதேன். டிஸ்பென்சர் மறுபக்கம் திரும்பித் தேயிலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களவர். எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டார். டிஸ்பென்சருக்குத் தெரிந்தவரை ஒரே நாள். அவள் புருஷன் சொன்ன நாள்களை நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பேதிக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே டிஸ்பென்சர் சொன்னார். "நான்தான் குடுத்தனான், சேர். இவ வேண்டாமெண்டு சொன்னவா." டாக்டர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் காய்ச்சலுக்கு அப்போது புது மருந்து வந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் அது இருந்தது. கொடுக்கவும் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் எழுந்து நடந்திருப்பாள் என்று அங்கிருந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி என்னிடம் சொன்னாள், தொழில் தெரிந்தவளுக்குத் தொழில் தெரிந்தவள் சொல்கிற மாதிரி. குடல் ஓட்டையாகிவிட்ட பிறகு மருந்து எங்கே போய் வேலை செய்யும்? மறுநாள் மாலை, அவளுக்குக் காய்ச்சல் ஏறுகிற நேரத்தில், போய்விட்டாள்.

அதற்குப் பிறகு டிஸ்பென்சர் யாரையும் முகர்ந்து பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவிடவில்லை. விளக்கெண்ணெய்ச் சீசாவைக் காணோம். தலைவலி என்று வந்தவனுக்கும் வேலை வேண்டாம் என்றார். நடந்த களைப்பில் மூச்சு வாங்கியவளையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றச் சொன்னார். யார் வயிற்றைத் தொட்டாலும் அவருக்கு அந்த வயிறாகவே தெரிந்தது. நான் இதில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. முன்பு வரிசையில் நின்றவர்களெல்லாம் அவருக்குப் பொய்யர்களாகத் தெரிந்தார்கள். இப்போது எல்லாரும் அவளாகத் தெரிந்தார்கள். எதிரில் நிற்கிற ஆள் யார், அவருக்கு என்ன என்பதை அவர் அப்போதும் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை. பயம் இருந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. சில மாதத்தில் துரை அவரை அனுப்பிவிட்டார். போகிற அன்று என் முன்னால் வந்து நின்றார். "பிள்ளை" என்றார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனார்.

புதிதாக வந்தவர் இளைஞர். வெங்காயக் கதையெல்லாம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அந்த வழக்கம் ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

மார்கழிப் பனி கொட்டிய ஒரு காலையில் ஒரு பெண் வரிசையில் வந்து நின்றாள். உடம்பு உதறிக்கொண்டிருந்தது. ரவிக்கையின் கைப்பக்கம் இரண்டும் ஈரமாக ஒட்டியிருந்தன. அவள் முறை வந்ததும், நான் ஒன்றும் கேட்பதற்கு முன்பே, கையைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"பாருங்க நர்ஸம்மா. பீலியில நல்லாக் கழுவிட்டுத்தான் வந்தேன். ஒரு வாடையும் இருக்காது."

மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற அந்தப் பீலித் தண்ணீர் மார்கழியில் கையை மரத்துப்போக வைக்கும். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்களைப் பார்த்தேன். எல்லாருடைய கைப்பக்கமும் ஈரம். என் சிநேகிதி போனதிலிருந்தே இப்படித்தானாம். வாடை இல்லாவிட்டால் நம்புவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். நான்தான் இத்தனை நாளும் கவனிக்கவில்லை.

தெர்மாமீட்டரை அந்த ஜில்லிட்ட அக்குளில் வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். பாதரசம் அடியிலேயே கிடந்தது; காய்ச்சல் இருந்தாலும் அந்தக் குளிரில் அது ஏறாது. கீழே பெயர் கூப்பிடுகிற சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

"கைய எறக்குங்க" என்றேன்.

அவள் இறக்கவில்லை.